தேறும், தேறாது

பொன்னேரியில் காலை ரயில் வந்து நின்றபோது பெண்கள் பெட்டியின் வாசலிலேயே செல்வி நின்றிருந்தாள். எங்கள் கம்பெனிதான், மீஞ்சூரில் ஏறுகிறவள். "நீ ஏறாதக்கா," என்றாள். "மரகதம் அக்கா விடிகாலைல போய்ட்ச்சாம். நான் போயி லீவு சொல்ட்டு வந்துடறேன்." ரயில் கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டது. அக்கா வீட்டுக்குப் போக, நான் எதிர் நடைமேடையில் மீஞ்சூர் வண்டிக்காக உட்கார்ந்தேன்.

நம் பெட்டியில் வருகிறவர்களுக்கு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிப்காட்டில் நாங்கள் இருவரும் பேக்கிங் பிரிவு. அவருக்குக் கணவர் இல்லை, ஒரே மகன் வெளியூரில். எனக்கு அதுவும் இல்லை. இரண்டு வீட்டிலும் ஒற்றை ஆள் சமையல். மளிகையில் பெரிய பாக்கெட்தான் லாபம், ஆனால் தீர்வதற்குள் வண்டு வந்துவிடும். சின்னது வாங்கினால் விலை கடிக்கும். அதனால் பங்கு போட்டுக்கொண்டோம். சனிக்கிழமை பஜாரில் ஒரு பெரிய பாக்கெட் வாங்குவோம். ரயிலில் அக்கா அதன் மூலையைப் பல்லால் கிழித்து, என் பங்கை என் சாப்பாட்டு டப்பாவில் கொட்டுவார். ஞாயிறு இருவரும் சமைப்போம். திங்கள் காலை நான் உட்காருவதற்குள் கேட்பார்: "இன்னா, தேறுமா?" தேறும் அல்லது தேறாது, அவ்வளவுதான் தீர்ப்பு. சுமார் என்றால் கோபம் வந்துவிடும். "துட்டு சுமாராவா குடுத்தோம்?" என்பார்.

புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் அக்கா முன்பக்கத்துப் படத்தைப் பார்க்க மாட்டார். திருப்பி எடையைப் பார்ப்பார். ஒருமுறை பாத்திரம் துலக்கும் சோப்பை உறையோடு விரலால் தடவிக்கொண்டே நின்றார். என்னம்மா தேடுகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். "நடுவுல குழி வெட்டிக்கீறான் பாரு. இந்தக் குழிக்கும் சேத்து நான் டப்பு குடுக்கணுமா?" கடைக்காரரும் ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டார். டீத்தூளோடு பிளாஸ்டிக் டப்பா இலவசம் என்று நான் ஆசைப்பட்டபோது, டப்பாவையா கொதிக்க வைக்கப்போகிறாய் என்று பிடுங்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

அந்த வேறொன்றைத்தான் நான் தேறாது என்று அடித்துச் சொன்னேன். கவிச்சி அடிக்கிறது, வாயில் வைக்க முடியவில்லை என்றேன். அவர் வீட்டில் நன்றாகத்தான் இருந்ததாம். கொஞ்சம் யோசித்து, என் டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார். சனிக்கிழமை நான் கொண்டுபோயிருந்தது மடவைக் குழம்பு. "நல்ல டீத்தூள உன் மீன் கொழம்புல முக்கிட்டு, கம்பெனிக்காரன திட்டிக்கினு கீறியே," என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அதற்கப்புறம் நான் மீன் கொண்டுவரும் நாளெல்லாம், இன்றைக்கு டீத்தூளா என்று எல்லோரும் கேட்டு மானத்தை வாங்கினீர்கள். இப்போது ஒருவரும் கேட்பதில்லை.

ஒரு ஞாயிறு எனக்கு அடுப்பங்கரைப் பக்கம் போகவே மனமில்லை. பன்னும் டீயுமாகப் பொழுதை ஓட்டினேன். திங்கள் காலை பருப்பைப் பற்றிக் கேட்டபோது சமைக்கவில்லை என்றேன். திட்டு விழும் என்று பார்த்தால், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒருத்திக்கு ஒலை வெக்கணுமான்னு எனக்கும்தான் இருக்குது. காத்தால நீ கேப்பியேன்னுதான் வெக்கிறேன்." நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்பதற்கு எனக்கும் அவரை விட்டால் யாரும் இல்லை. அதை அன்றுதான் உணர்ந்தேன்.

பிறகு அவர் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது மகன் வந்திருந்தார். அம்மா தேறிவிடுவார் என்று எனக்குத் தைரியம் சொல்லிவிட்டு மருந்து வாங்கப் போனார். அது அக்கா காதில் விழுந்திருக்கிறது. என்னைக் கிட்டே கூப்பிட்டு, தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். "இது தேறாது, சுந்தரி." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இனிமே பெரிய பாக்கெட்டு வாங்கிடாத. வீணாப்பூடும்," என்றார். எத்தனையோ சாமானுக்குச் சரியாகச் சொன்ன மனுஷி, இந்த ஒன்றிலாவது தப்பாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

போன சனிக்கிழமை அதே கடைக்குப் போனேன். துவரம்பருப்பில் பெரிய பாக்கெட்டை எடுத்து, திருப்பி எடையைப் பார்த்தேன். நல்ல லாபம்தான். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சின்னதை வாங்கினேன். ரயிலில் பக்கத்தில் செல்வி இருந்தாள். பங்குக்கு வருகிறாயா என்று அவளைக் கேட்கலாமா என்று பார்த்தேன். அவள் வீட்டில் சாப்பிட ஆட்கள் நிறைய, முழுப் பாக்கெட்டே அவளுக்குப் போதாது. பிரிக்காமலே எடுத்துக்கொண்டு பொன்னேரியில் இறங்கினேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் திங்கட்கிழமைக் கேள்வியைத்தான். அதற்காகவே ஞாயிறு உலை வைத்தேன். பருப்பு நன்றாகக் குழைந்து வெந்தது. மறுநாள் ரயிலில் ஏறி அவர் இடத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். கவரப்பேட்டை தாண்டியும் யாரும் கேட்கவில்லை.

தேறும், அக்கா. நல்ல பருப்பு.