முதுகுக்குப் பின்னால் மழை

நேற்று ஹோம் தியேட்டர் ரிசீவரையும் ஐந்து ஸ்பீக்கர்களையும் புதுக்கோட்டைக் கடையிலிருந்து கொண்டுவந்து இறக்கிய ஆள், செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "வீட்டுல சார் இல்லீங்களா? கனெக்சன் எப்படின்னு சொல்லிட்டுப் போயிருவேன்."

"எங்கிட்டச் சொல்லுங்க. சொல்லாட்டியும் சரி, நானே மாட்டிக்குவேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டார். மாட்டினேன். டிவியில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. எல்லா ஒயரையும் உருவி மறுபடி செருகிப் பார்த்த பிறகுதான், மியூட்டை அமுக்கி வைத்திருந்தது தெரிந்தது. நல்லவேளை, அந்த ஆள் போயிருந்தார்.

பெட்டியைப் பிரித்ததும் ஒரு தெர்மாகோல் வாசனை வருமே, அது என்னைப் பொன்னமராவதிப் பக்கம் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டது. மாமா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர். ஒரு தடவை லீவில் வந்தபோது ஹோம் தியேட்டர் கொண்டுவந்தார். ஐந்து ஸ்பீக்கரையும் ஷோகேஸ் மேல் அய்யனார் கோயில் குதிரைகள் மாதிரி வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டும் வைத்தார். தெருவே வந்து பார்த்தது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். வடை மடித்த தாளைக்கூடப் படிக்காமல் போட மாட்டேன். பெட்டிக்குள் கிடந்த புத்தகத்தை விடுவேனா? "மாமா, இதுல ரெண்டப் பின்னாடி வைக்கச் சொல்லியிருக்கு" என்றேன்.

"காசு போட்டு வாங்குனத எவனாச்சும் முதுகுக்குப் பின்னாடி வைப்பானா? நாலு எழுத்துப் படிச்சுட்டா ஆச்சா? பிளேன் ஏறுனவன் நானா, நீயா?"

கூடமே சிரித்தது. என்னைக் கேலி செய்திருந்தால் விட்டிருப்பேன். என் படிப்பையல்லவா கேலி செய்தார்.

அந்த வீட்டில் பின்னாடி என்றால் பெண்கள். ஆண்கள் முன்னால் பாயில் சாய்ந்திருப்பார்கள். நாங்கள் கொல்லைக் கதவோரம். பாதி வசனம் எங்களிடம் வந்து சேராது. மறுநாள் மாமா கடைவீதிக்குப் போன நேரம் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி இரண்டு ஸ்பீக்கரை இறக்கினேன். ஒயரைச் சுவரோரமாக இழுத்துக் கதவின் இரண்டு பக்கமும் வைத்தேன்.

சாயங்காலம் படம் போட்டார்கள். அதில் மழை வந்தது. எங்கள் முதுகுக்குப் பின்னால் சடசடவென்று கொட்டியது.

"ஆத்தாடி, காயப்போட்ட துணியெல்லாம் நனையுதுடி!" மாமாவின் மனைவி, என் அத்தை, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். வெளியே பொட்டுத் தூறல் இல்லை. மொடமொடவென்று காய்ந்த துணியோடு திரும்பி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எவடி கைய வச்சது?" மாமா எழுந்துவிட்டார்.

"நாந்தான். புத்தகத்துல போட்டிருக்கு."

"படிச்ச திமிரு."

"ஆமா மாமா."

"இருந்துட்டுப் போகட்டுங்க, எங்களுக்கும் கேக்குதுல்ல" என்று அத்தை சொன்னது எடுபடவில்லை. ஸ்பீக்கர்கள் மறுபடி ஷோகேஸ் ஏறின. அதன்பிறகு அங்கே படம் பார்க்க நான் போகவில்லை.

அந்தச் செட்டு எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. கதவோர வரிசையும் போயிற்று. இரண்டுக்காகவும் எனக்குத் துளி வருத்தமில்லை. என் வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் பின்னால்தான் இருக்கின்றன. நடுவில் நான் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தை போன வருஷம் தவறிவிட்டார். நேற்று, எல்லாம் மாட்டி முடித்ததும், தேடிப்பிடித்து ஒரு மழைக் காட்சியைப் போட்டேன். புத்தகத்தில் சொன்னபடியே பின்னாலிருந்து கொட்டியது. துணி எடுக்க ஓடத்தான் ஆளில்லை.