அண்ணன் துளையிடாத சுவர்

“...இரும்பத் தொளைக்கிற பிட்டு, பாய், அது. செவுத்துல வெச்சா முனை கருகிடும். கீழ வைங்க” என்றார் அண்ணி.

அண்ணனின் நினைவாக வரும் இந்த மலர் அச்சுக்குப் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது. அண்ணனின் படத்தை மாட்டச் சுவரில் துளை போட வேண்டும். பிட் என்கிற துளையிடும் முனையை டிரில்லிங் மிஷினில் மாட்டிப் பிடித்திருந்தவர் அண்ணனின் நண்பர் காதர் பாய். படத்துக்குச் சட்டம் போட்டுத் தந்தவரும் அவரே.

“எல்லாம் ஒரே மாரிதான் கீது. நான் இன்னாத்த கண்டேன் அண்ணி?” என்றார் பாய்.

அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்தவர். அப்பா போனதும் படிப்பை விட்டுக் கிண்டியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். ஒரே தங்கையான என்னைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். பிறகு பழைய டிரில்லிங் மிஷின் ஒன்றை வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சொந்தமாகத் தொழிலுக்குப் புறப்பட்டார். அடையாறில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். திரைச்சீலைக் கம்பி, அலமாரி, முகம் பார்க்கும் கண்ணாடி என்று வேலைக்குக் குறைவில்லை.

“செவுரும் மனுசன் மாரிதாம்மா. தட்டிப் பாத்தா யாருன்னு அதுவே சொல்லிடும்” என்பார். விரல் முட்டியால் தட்டிக் கேட்ட பிறகுதான் பிட்டுகள் உள்ள பெட்டியைத் திறப்பார். சுவருக்குத் தலை பட்டையான பிட். மரத்துக்கு நடுவில் ஊசிமுனை உள்ளது. இரும்பென்றால் முதலில் ஒரு புள்ளி குத்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதற்குரியதை வைப்பார். குளியலறை டைல்ஸில் டேப் ஒட்டி, மெல்ல மெல்லத்தான் இறக்குவார். தி.நகரில் ஒரு வீட்டம்மா அவசரப்படுத்தியபோது, “டைல்ஸுக்குக் கோவம் வந்தா வெடிக்கிற சத்தம் வீட்டுக்கே கேக்கும்மா” என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணியும் உடன் போவார். பிறர் வீடு அழுக்காகக் கூடாது என்று துளைக்குக் கீழே செய்தித்தாளை மடித்துப் பிடிப்பார். அண்ணனின் கண் பிட்டை விட்டு நகராது. கொட்டும் தூளின் நிறத்தை அண்ணிதான் சொல்ல வேண்டும். “வெள்ளைங்க” என்றால் இன்னும் பூச்சு. “சாம்பலாவே வருதுங்க” என்றால் உள்ளே கான்கிரீட், உடனே நிறுத்திவிடுவார். “செவப்பு வந்துடுச்சுங்க” என்றால் செங்கல். “சரி, இன்னும் கொஞ்சம்” என்று அழுத்துவார்.

ஊர்ச் சுவரையெல்லாம் துளைத்தவர் தம் வீட்டில் ஒன்றும் போடவில்லை. வாடகை வீடு; ஆணி அடிக்கக் கூடாது என்பது குடிவந்த அன்றே பேச்சு. காலண்டர்கூட ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது. “சொந்தமா ஒண்ணு வரட்டும், ஆச தீரப் போட்டுக்கலாம்” என்பார். வேளச்சேரியில் ஓர் இடமும் பார்த்து வைத்திருந்தார். அதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசியாக அண்ணியிடம், “பிட்டுங்களுக்கு எண்ணெ தடவி வை, துரு ஏறிடும்” என்றார். அண்ணி இன்றும் தடவுகிறார்.

படம் பீரோவின் மேல் சாய்ந்தே இருந்தது. போன மாதம் மாலையின் கனத்தில் சரிந்து விழுந்து கண்ணாடி உடைந்தது. அன்றைக்கு அண்ணி சாப்பிடவில்லை. சத்தம் கேட்டு இறங்கிவந்த வீட்டுக்கார மாமி வாசலிலேயே நின்றுவிட்டார். “எங்காத்துல எத்தனையோ போட்டுக் குடுத்தார். தனக்குன்னு ஒரு நாள் கேட்டதில்லையே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோங்கோ” என்றார்.

அந்த மாமிக்கும், நெஞ்சுவலி வந்த அன்று அண்ணனைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிய சந்துப் பிள்ளைகளுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், காதர் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. நன்றி என்ற சொல் போதவில்லை.

கிடைத்தது ஒரே துளை. அது பிசகக் கூடாது. பாயிடமிருந்து மிஷினை அண்ணி வாங்கிக்கொண்டார். அதுவரை அவர் அதை இயக்கியதே இல்லை. சுவரைத் தட்டினார். ஒரு சாண் தள்ளி மறுபடி தட்டினார். தலை பட்டையான பிட்டை எடுத்து மாட்டினார். செய்தித்தாளை நான் மடித்துப் பிடித்தேன். மிஷின் சுற்ற, தூள் கொட்டத் தொடங்கியது.

“வெள்ளைங்க” என்றார் அண்ணியே. கொஞ்ச நேரத்தில், “செவப்பு வந்துடுச்சுங்க.”

மிஷினை நிறுத்திக்கொண்டு, பதிலுக்காகச் சற்று நின்றார். பிறகு தாமாகவே இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.