சீர் அண்டாக்களுக்குப் பின்னால் ஒரு சிக்னல்

பெங்களூருவில் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவில் இருந்தபோது, நான் பார்த்தேயிராத ஊர்களில் இருக்கும் கம்ப்யூட்டர்களை இணையத்தோடு சேர்த்துவைப்பதுதான் என் வேலை. போனில் பேசியபடியே முடித்துவிடுவேன். ஆனால் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த என் கம்ப்யூட்டரை எதிரே இருக்கும் சித்தப்பா வீட்டு வைஃபையோடு சேர்த்துவைத்தேனே, அதற்கு ஈடாக அந்த வேலைகளில் ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டேன்.

பெங்களூரு வேலையை விட்டதற்கான காரணங்களை அப்பாவிடம் வரிசையாகச் சொல்லியிருந்தேன். விடுதி அறையில் என் கட்டில் குளியலறைக் கதவை ஒட்டி இருந்தது, அலுவலகம் போக இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது, ஊருக்கு வந்தால் திரும்பிப் போவதற்கே பாதி விடுமுறை போனது. கடைசிக் காரணத்தைச் சொல்லவில்லை. எனக்கு எங்கள் வீட்டில் இருக்கப் பிடித்திருந்தது. இருபத்துநான்கு வயதில் ஒரு பெண் இதை வெளியே சொன்னால் யாரும் நம்புவதில்லை.

வேறொரு நிறுவனம் என்னை வீட்டிலிருந்தே வேலை செய்ய எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. நிபந்தனை ஒன்றுதான். திங்கட்கிழமை காலை மேலாளர் என் கம்ப்யூட்டர் திரையோடு இணைந்து ஒரு மணி நேரம் வேலை வாங்குவார். அதற்குள் ஒரு முறை லைன் அறுந்தாலும், நான் அவர்களுடைய பெங்களூரு அலுவலகத்துக்கு வந்துதான் வேலை செய்ய வேண்டும்.

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருந்த காட்டிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா, இதைக் கேட்டுச் சிரித்தார்.

"வூட்ல குந்திக்கிட்டு இருக்கறவங்களுக்கு எவன் பாப்பா சம்பளம் குடுப்பான்?"

"குடுக்கறாங்கப்பா. நெறையப் பேரு இப்படித்தான் வேலை செய்யறாங்க."

"சரி, பாரு. திங்கக்கெழம ஆவுலைன்னா செவ்வாக்கெழம பஸ் ஏறிடு. ஊர்ல கேக்கறவங்களுக்கு எல்லாம் என்னால பதில் சொல்ல முடியாது."

அப்பா கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சிக்கல். கோபமாக இருந்திருந்தால் சமாதானப்படுத்தியிருக்கலாம். அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

பழைய நிறுவனத்தின் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், கையில் இருந்தது கல்லூரிக் காலத்து டெஸ்க்டாப். அதில் வைஃபை கிடையாது. மலையடிவாரம் என்பதால் எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் வரும், போகும். நல்ல லைன் இருந்தது சித்தப்பா வீட்டில். கம்பம் அந்தப் பக்கம் இருந்ததால் கேபிள் டிவிக்காரர் அங்கேயே இணையத்துக்கான ஃபைபர் ஒயரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு டிராக்டர் போகிற அகலத்துக்கு வழி.

படிக்கிற காலத்தில் ஒரு முறை குறுக்கே கேபிள் இழுத்துக் கட்டினோம். கிழங்கு லோடு போன டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்த ஆள், கழுத்தில் மாட்டாமலிருக்க அதைக் கையால் பிடித்துத் தூக்கினார். வண்டி நிற்கவில்லை. அவரும் கையை விடவில்லை. கேபிள் அவரோடு சேலம் ரோடு வரைக்கும் போனது. ஆகவே இந்த முறை ஒயர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தருமபுரி போய் ஒரு யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டர் வாங்கினேன். பட்டாணி அளவில் ஒரு பச்சை விளக்கோடு, கட்டைவிரல் நீளத்தில் இருந்தது. கடைக்காரர், "சொருவினா ஒடனே புடிச்சிக்கும்ங்க மேடம், ஒண்ணுமே செய்ய வேணாம்" என்றார். இப்படிச் சொல்பவர்கள் யாரும் அதைச் சொருகிப் பார்த்தவர்கள் இல்லை என்பது என் அனுபவம்.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் கேபினெட்டின் முன்பக்கத்தில் இருந்த இரண்டு யூ.எஸ்.பி. துளைகளிலும் சொருகிப் பார்த்தேன். பாதிக்கு மேல் போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே மஞ்சளாக ஏதோ இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். சந்தனம்.

"அம்மா, ஆயுத பூஜைக்கு இதுக்குப் பொட்டு வெச்சீங்களா?"

அடுப்படியிலிருந்து அம்மா பெருமையாகவே வந்தார். "வெச்சேனே. மோட்டாருக்கு வெச்சேன், மிக்ஸிக்கு வெச்சேன், உங்கப்பா மம்பட்டிக்கு வெச்சேன். அதுக்கு மட்டும் வெக்காம வுட்டா நல்லாவா இருக்கும்? நெத்தி மாதிரி எடம் பாத்துதான் வெச்சேன்."

நியாயம்தான். அந்தக் கேபினெட்டில் நெற்றி என்று ஒன்று இருந்தால் அது அந்த இரண்டு துளைகளும்தான். குங்குமம்கூட நடுவில் சரியாக இருந்தது. கேபினெட்டைத் திருப்பிப் பின்பக்கத் துளையில் சொருகினேன். பச்சை விளக்கு ஒரு முறை மின்னியது. கம்ப்யூட்டர் 'தெரியாத சாதனம்' என்றது.

இனி டிரைவர் போட வேண்டும். டிரைவர் என்பது அந்தச் சாதனத்தோடு எப்படிப் பேசுவது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் மென்பொருள். டப்பாவில் அதற்கென்று உள்ளங்கையளவு சி.டி. ஒன்று இருந்தது. என் கம்ப்யூட்டரில் சி.டி. போடும் இடத்தில் வெறும் மூடிதான் இருந்தது. டிரைவரை இணையத்திலிருந்து இறக்கலாம். ஆனால் இணையம் வர டிரைவர் வேண்டும். பிறருக்கு இந்த நிலை வந்தபோதெல்லாம் நான் போனில் மிகவும் பொறுமையாகப் பேசியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. அந்தப் பொறுமையை எனக்கும் கொடுத்துக்கொண்டேன்.

மொட்டைமாடிக்குப் போய், சிக்னல் நிற்கிற மூலையில் போனைப் பிடித்து டிரைவரை இறக்கி, கீழே வந்து ஒயர் மூலம் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். நிறுவினேன். மஞ்சள் எச்சரிக்கைக் குறி போகவில்லை. இந்த அடாப்டர்களில் ஒரு விஷயம் உண்டு. ஒரே பெயரில், ஒரே டப்பாவில் விற்பார்கள், உள்ளே இருக்கும் சிப் மட்டும் வேறாக இருக்கும். டப்பாவின் பெயரை நம்பியதுதான் பிழை. சாதனத்தின் விவரப் பக்கத்தைத் திறந்து, அதனுள் பதிந்திருக்கும் அடையாள எண்ணைப் படித்து, அந்த எண்ணுக்குரிய டிரைவரைத் தேடினேன். மறுபடி மாடி, மறுபடி கீழே. தவறான டிரைவரை முழுதாக நீக்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, சரியானதை நிறுவினேன்.

திரையின் மூலையில் விசிறி போன்ற அந்தச் சின்னம் வந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். சிறிய வெற்றிக்கு அவ்வளவு மரியாதை போதும்.

சின்னத்தை அழுத்தினால் பெயர்கள் வரிசையாக வந்தன. கிழங்கு மில்லின் வைஃபை தெரிந்தது. நாலு வீடு தள்ளியிருக்கும் டீச்சர் வீட்டினுடையது நன்றாகவே தெரிந்தது. கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்த சித்தப்பா வீட்டினுடையது மட்டும் ஒரு கோடு காட்டி இணைந்தது, அறுந்தது, மறுபடி இணைந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த அடாப்டரைக் கம்ப்யூட்டரே அவ்வப்போது அணைத்துவிடும். அந்த அனுமதியை எடுத்துவிட்டேன். அப்போதும் அறுந்தது. நீட்டிப்பு ஒயர் போட்டு அடாப்டரை ஜன்னல் கம்பியிலேயே கட்டிப் பார்த்தேன். அப்போதும் அதே கதை.

போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது என் போனில் இதே ஜன்னலில் சித்தப்பா வீட்டு வைஃபை வந்தது. இப்போது என் போனிலும் இல்லை. அப்படியென்றால் குறை அடாப்டரில் இல்லை. நடுவில் ஏதோ மாறியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சிக்னல் அளவைக் காட்டும் ஒரு செயலியைப் போனில் திறந்துகொண்டு, எங்கள் வாசலிலிருந்து எதிர்வீட்டை நோக்கி மெதுவாக நடந்தேன். பிறகு குறுக்காக. பிறகு சுற்றி வந்தேன். வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த சித்தப்பா வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"என்னா பாப்பா, போருக்குத் தண்ணி பாக்கறியா? எங்கூட்டு வாசல்ல ஊத்து ஓடுதா?"

"வைஃபை பாக்கறேங்க சித்தப்பா. டீச்சரு வூட்டுது வருது, உங்களுது வர மாட்டேங்குது."

"அப்ப எங்களுது ரோசக்காரதுதான். கூப்புடாம வராது."

அவர் சிரித்துக்கொண்டிருக்க, எனக்கு விடை கிடைத்துவிட்டது. தூரம் காரணமென்றால் நெருங்க நெருங்க அளவு ஏற வேண்டும். சுவர் காரணமென்றால் அந்தச் சுவர் நெடுக ஒரே மாதிரி குறைய வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. வழியோரத்து அடிபம்புப் பக்கம் ஒதுங்கினால் சிக்னல் ஏறியது. எங்கள் ஜன்னலுக்கு நேரே வந்தால் விழுந்தது. வெயிலில் தூணுக்கு நிழல் விழுவதைப் போல, எங்கள் வீட்டின் மேல் எதனுடையதோ நிழல் விழுந்துகொண்டிருந்தது. உலோகமாகத்தான் இருக்க வேண்டும்.

சித்தி வீட்டுக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். பரணில் வைஃபையைப் பரப்பும் ரூட்டர் எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது. அதற்கும் எங்கள் பக்கத்துச் சுவருக்கும் நடுவில், போன முறை நான் பார்க்காத ஒரு வரிசை. இரண்டு பித்தளை அண்டா, அடுக்கடுக்காக எவர்சில்வர் குடங்கள், சாப்பாட்டுத் தூக்குகள், ஒரு ஆள் உட்காரலாம் போன்ற ஒரு தாம்பாளம். எல்லாம் பிளாஸ்டிக் உறையோடு, கடை ஸ்டிக்கரோடு பளபளத்தன. கல்லூரியில் படிக்கும் தன் மகளுக்காகச் சித்தி சேர்க்கும் சீர்ப் பாத்திரங்கள். பூஜைக்கு வீட்டைக் கழுவியபோது கட்டிலடியிலிருந்து பரணுக்குப் போயிருக்கின்றன.

"சித்தி, இந்தப் பாத்திரந்தாங்க மறைக்குது."

"எதை?"

"சிக்னலை. எங்கூட்டுப் பக்கம் வர விடாம."

சித்தி என்னைப் பார்த்தார், பரணைப் பார்த்தார். "எங்கூட்ல நல்லாத்தானே வருது? நேத்து நாடகம் முழுசாப் பாத்தேன்."

"உங்க பக்கம் மறைப்பு இல்லைங்க. அந்தப் பக்கந்தான் அண்டா."

"அதெல்லாம் எறக்க முடியாது. நல்ல நேரம் பாத்து ஏத்தி வெச்சது. இனி கல்யாணத்தன்னிக்கு வண்டியில ஏத்தத்தான் எறக்கணும். நடுவுல எறக்குனா கல்யாணம் தள்ளிப்போவும். உனக்கு வேலைன்னு எம்பொண்ணைக் குந்த வெச்சிராதே."

இதில் வாதம் செய்வதில் பயனில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு குடத்தை மட்டும் என்று கெஞ்சத் தொடங்கினால் பேச்சு என் கல்யாணத்துக்கு வந்துவிடும். அசைக்கக்கூடியவை எவை என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். எங்கள் வீடு அசையாது. சுவர் அசையாது. அண்டாவைச் சித்தி அசைக்க விட மாட்டார். அடாப்டர் ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டது. மிச்சம் ஒன்றுதான்.

"சித்தி, அண்டாவைத் தொடவே மாட்டேங்க. ரூட்டரை மட்டும் தள்ளி வெச்சுக்கட்டா?"

"அதுக்கு நேரம் காலம் ஒண்ணும் பாக்கலியே. வெச்சுக்கோ."

ஏணியில் நான் ஏறினேன். ஏணியைச் சித்தி பிடித்தார், பிடித்தபடியே மேற்பார்வையும் பார்த்தார். "மொழங்கை, மொழங்கை! குடத்து மேல படுது பாரு." கேபிள் டிவிக்காரர் மிச்ச ஃபைபரை ரூட்டருக்குப் பின்னால் வளையமாகச் சுருட்டி வைத்திருந்தார். நல்ல மனிதர். அதை மடங்காமல், உடையாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தேன். அண்டாக்களின் தலைக்கு மேலாக ரூட்டரைக் கடத்தி, எங்கள் வீட்டைப் பார்த்திருந்த வெண்டிலேட்டர் விளிம்பில் உட்காரவைத்து, நூல் கயிற்றால் கம்பியோடு கட்டினேன். பிளக்குக்கு மட்டும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேவைப்பட்டது.

"மொதல்ல எனக்கு வருதா பாரு" என்று சித்தி போனை நீட்டினார். வந்தது. நாடகத்தில் அழுதுகொண்டிருந்த பெண் தடங்கலில்லாமல் அழுதாள். சித்தி திருப்தியானார்.

வழியைத் தாண்டி ஓடினேன். ஜன்னல் கம்பியிலிருந்த பச்சை விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. திரையில் எல்லாக் கோடுகளும் நிரம்பியிருந்தன. பெரிய கோப்பு ஒன்றை இறக்கவிட்டு, பக்கத்தில் வீடியோ ஓடவிட்டு, லைன் இருக்கிறதா என்று நொடிக்கொரு முறை கேட்டுப் பதில் வாங்கும் சோதனைக் கட்டளையையும் ஓடவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். ஒரு பதில்கூடத் தவறவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "யாரு போன்ல?" என்றார்.

திங்கட்கிழமை மேலாளர் இணைந்தார். என் திரையைப் பார்த்தபடி ஒவ்வொரு வேலையாகக் கொடுத்தார், கேள்வி கேட்டார், நடுவில் வேறு இருவரையும் சேர்த்தார். அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது, வெளியே கோழி கத்தியது, லைன் அசையவில்லை. முடிவில் அவர், "இன்று என் பக்கம்தான் இரண்டு முறை லைன் திக்கியது. உங்கள் ஊரில் எந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வீட்டில்தான் என்றேன். அப்படியானால் அங்கேயே இருங்கள் என்றார். அப்போதே வேலையைத் தொடங்கச் சொன்னார்.

அப்பா காட்டுக்குப் போகாமல் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஆங்கிலம் அவருக்குப் புரியாது. ஆனால் நான் பேசிய தோரணை புரிந்திருக்க வேண்டும். அவருடைய போன் அடித்தது. எப்போதும் காட்டிலிருந்து பேசுவது போலச் சத்தமாகப் பேசுபவர், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அடிபம்பு வரை தள்ளிப் போய்ப் பேசினார். இருந்தும் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"இல்லைங்க மாமா, இப்ப வூட்டுக்கு வராதீங்க, சாயந்தரமா வாங்க. பொண்ணு ஆபீஸ்ல இருக்குது... எங்கியா? இங்கதாங்க, முன்னாடி ரூம்ல."