மிதிக்க ஓர் ஆள்

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கருமத்தம்பட்டியில் எங்கள் தறிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதற்குள் அண்ணனின் கார் நின்றிருந்தது. அண்ணன் மஞ்சள் காமாலையில் இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிற சமயம்.

அண்ணன் கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். தறியைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று அப்பாவுக்கு வருத்தம். இருவரும் நேராகப் பேசிக்கொள்வதையே விட்டிருந்தார்கள். எதுவானாலும் அம்மா வழியாகத்தான் போகும். சாயங்காலமானால் அண்ணன் கொட்டகைக்குள் போய்விடுவான். பழைய டீசல் கார் ஒன்றில், உடைப்புக்கு வந்த வெளிநாட்டு எஞ்சினிலிருந்து எடுத்த டர்போவைப் பொருத்தியிருந்தான். அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். அழுத்தும்போது சூடாகிற காற்றைக் குளிரவைக்க, முன்பக்கம் சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒரு இன்டர்கூலர். இரண்டையும் இணைக்கிற ரப்பர் ஹோஸ்தான் அவனைப் பாடாய்ப் படுத்தியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால் பட்டென்று கழன்றுவிடும். கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி இழுக்காமல் நின்றுவிடும். அந்தக் கோளாறு தீராமலே அவன் போய்ச் சேர்ந்தான்.

"அந்தக் கருமத்த எடைக்குப் போட்டுப்போடுங்க. பாக்கறப்பெல்லாம் வயிறு எரியுது" என்பாள் அம்மா.

ஒருநாள் அப்பா என்னிடம் மட்டும் கேட்டார். "வருஷத் திதிக்கு கொடுமுடிக்கு அதுலயே போலாமா கண்ணு? நீ பாத்தீன்னா ஓடுமா?"

நான் டிப்ளமோ முடித்து, ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருந்தேன். குழாய் ஒழுகினால் எங்கே என்று சொல்லத் தெரியும். காரைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் அப்பா முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

குழாய்க்குள் காற்றடைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். எங்கும் குமிழி வரவில்லை. ஹோஸின் உட்பக்கம் படிந்திருந்த எண்ணெயைத் துடைத்து, புதுக் கிளிப் போட்டு இறுக்கினேன். அப்பா ஓட்ட, அவினாசி ரோட்டுக்குப் போனோம். கொஞ்சதூரம் போனதுமே பட்டென்று அதே சத்தம். இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தோம். வாசலில் நின்றிருந்த அம்மா எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அண்ணன் மேலேயே எனக்குக் கோபமாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொன்று தோன்றியது. அப்பாவை உள்ளே உட்காரவைத்து, பானெட்டைத் திறந்துவிட்டு, "நல்லா மிதிங்கப்பா" என்றேன். அவர் மிதித்ததும் எஞ்சினே ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. அதைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங் அடியில் விண்டு போயிருந்தது. இன்டர்கூலர் காரின் பாடியோடு அசையாமல் நிற்க, எஞ்சின் சாய்கிறபோதெல்லாம் நடுவிலிருந்த குட்டை ஹோஸைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கழற்றியிருக்கிறது. கிளிப்பை எவ்வளவு இறுக்கி என்ன ஆகும்?

அப்பா இறங்கி வந்தார். "நான் மறுக்கா மிதிக்கறன், நீங்க பாருங்க" என்று நான் போய் உட்கார்ந்தேன். எஞ்சின் சாய்வதை அவர் குனிந்து பார்த்தார்.

"அவன் தனியா மிதிச்சா இது எப்புடிக் கண்ணுக்குத் தெரியும்? மிதிக்க ஒரு ஆளிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார். "நான் இங்கதானே இருந்தேன்."

நானும் அங்கேதான் இருந்தேன்.

புது மவுண்டிங் போட்டோம். லாரி சாமான் கடையில் எஞ்சின் அசைந்தாலும் வளைந்துகொடுக்கிற மடிப்பு வைத்த நீளமான ஹோஸ் வாங்கி மாட்டினோம். திதியன்று அம்மா பூஜைச் சாமானோடு பின்சீட்டில் ஏறினாள். காங்கேயம் தாண்டியதும் ஆளில்லாத ரோட்டில் அப்பா அழுத்தி மிதித்தார். ஹோஸ் கழலவில்லை. வண்டி எங்களை சீட்டோடு அழுத்திக்கொண்டு பாய்ந்தது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

காவிரிக்கரைக்கு வந்து எஞ்சினை நிறுத்திய பிறகும் அப்பா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னிடம் கேட்டார்: "இதுல என்னையக் கூட்டிட்டுப் போறேன்னு எப்பவாச்சும் சொன்னானா அம்மணி?"

"மொதல்ல அப்பாவத்தான் உக்கார வெக்கோணும்னு அண்ணன் சொல்லுச்சுங்கப்பா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு ஆற்றுக்கு இறங்கினார்.

அண்ணன் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அப்பா சாகும்வரை அதை நம்பினார், வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தறிச் சத்தத்துக்குப் பின்னால், மிதிக்க ஓர் ஆளில்லாமல் அண்ணன் தனியாக நின்ற அந்தச் சாயங்காலங்களை நினைக்கும்போது, எனக்கு நானே சொல்லிக்கொள்ள அப்படி ஒரு பொய்கூட இன்றுவரை கிடைக்கவில்லை.