லட்டு இல்லாத மொட்டை

கல்லூரியில் படிக்கும்போதே எனக்கு நரைக்கத் தொடங்கிவிட்டது. ஹைதராபாத்தில் மென்பொருள் வேலையில் சேர்ந்தபோது பாதித் தலை வெள்ளை. அது யாருக்கும் தெரியாது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு சாயம் பூசிவிடுவேன். "கல்யாணம் ஆகுற வரைக்குமாவது விட்றாதடி" என்று மதுரையிலிருந்து அம்மா போனில் நினைவூட்டுவாள்.

குகட்பள்ளியில் ஒரு மாடி வீட்டில் திருநெல்வேலிக்காரி ஒருத்தியோடு தங்கியிருந்தேன். அந்த ஊரில் என் நரையைப் பார்த்த ஒரே ஆள் அவள். பின்னந்தலையில் எனக்குக் கை எட்டாத இடத்தில் சாயம் பூசிவிடுவதும் அவள்தான்.

ஒரு கோடையில், சாயம் பூசிய மறுநாள் காலை என்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. நெற்றியும் இமையும் வீங்கியிருந்தன. காதோரம் முழுக்கக் கொப்புளம். தோல் மருத்துவர், இனி எந்தச் சாயத்தையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வீக்கம் வடிவதற்குள் வகிட்டில் வெள்ளை எட்டிப் பார்த்தது. கண்ணாடி முன்னால் நின்றபோது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பள்ளி லீவு விட்டது போல உள்ளுக்குள் ஒரு குதிப்பு.

"மொட்டை போட்டுடவா?" என்றேன்.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிட்டா?" என்றவள், அடுத்த நொடியே செருப்பைத் தேடினாள். "இரு, நானும் வாரேன்."

அழகு நிலையத்துப் பெண் "வத்து மேடம், வத்து" என்று கையை உதறி மறுத்துவிட்டாள். அடுத்த தெருவில் இருந்த ஆண்கள் சலூனுக்குள் நுழைந்தோம். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கடைக்காரர் மரியாதையாக, "மொக்கா மேடம்?" என்று கேட்டார். சாமிக்கு வேண்டுதலா என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிந்த தெலுங்கில், "லேதண்டி. இஷ்டம்" என்றேன், வேண்டுதல் இல்லை, என் விருப்பம் என்று.

அவர் என்னைப் பார்த்தார், தோழியைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே புது பிளேடு மாட்டினார்.

முதல் இழுப்பிலேயே உச்சந்தலை ஜில்லென்றது. நுனி கறுப்பும் அடி வெள்ளையுமாக மடியில் முடி விழ விழ, தலை மேலே மேலே மிதப்பது போலிருந்தது. மின்விசிறிக் காற்று நேராகத் தோலில் பட்டது. தோழி கத்தினாள்: "ஏட்டி, எவ்ளோ அழகா உருண்டையா இருக்கு! இதையா இத்தன நாளா மூடி வச்சிருந்த?"

ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும் வழியெல்லாம் தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் வாசல் காவலர் கும்பிட்டார். என் இருக்கையைச் சுற்றிக் கூட்டம். "திருப்பதி வெள்ளாரா, போயிட்டு வந்தாச்சா?" "தரிசனம் நல்லா கிடைச்சுதா?" எல்லோரும் கடைசியில் வந்து நின்ற கேள்வி ஒன்றுதான்: "லட்டு ஏதி, லட்டு எங்க?"

ஆமாம் என்று தலையசைத்திருந்தால் போதும், விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதுவும் ஒரு சாயம்தானே? எழுந்து நின்றேன். "திருப்பதி போகல. எனக்கு நரை. சாயம் பூசிப் பூசி முகமே வீங்கிப் போச்சு. இனி வெள்ளையா வளரட்டும்னு எடுத்துட்டேன்."

பக்கத்து இருக்கை ஹைதராபாத்காரி, "ஹவ்! சச்சி? நிஜமாவா?" என்று வாயைப் பிளந்தாள். "தொட்டுப் பாக்கட்டா?"

அவ்வளவுதான், மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் என் தலையைத் தடவிப் பார்த்துவிட்டார்கள்!

அம்மாவிடம் போனில் சொன்னபோது அழுதாள். தீபாவளிக்கு, விரல் நீளம் வளர்ந்த வெள்ளி முடியோடு போய் இறங்கினேன். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பண்டிகைக் காலையில் தலையில் எண்ணெய் வைக்கும்போதுதான் அவள் விரல்கள் காதோரத் தழும்பில் பட்டு நின்றன.

"இவ்ளோவா வெந்து போச்சு? சொல்லவே இல்லையேடி."

"சொன்னேனேம்மா."

அவள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி வெகுநேரம் தேய்த்துவிட்டாள். "பட்டு மாதிரி இருக்கு" என்றாள் பிறகு, தனக்குத்தானே சொல்வது போல.

அந்த வாரமே வரன் பார்ப்பதற்காகப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனாள். படம் எடுப்பவர் என் தலையைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார்: "கவலப்படாதீங்கம்மா, கம்ப்யூட்டர்ல கறுப்பாக்கித் தந்துர்றேன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றாள் அம்மா. "எம்மக எப்படி இருக்காளோ அப்படியே எடுங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதல் படம் ஆடிப்போனது. இரண்டாவதிலும் பல் முழுக்கத் தெரிந்தது. அதைத்தான் அம்மா எல்லா வீடுகளுக்கும் அனுப்பினாள்.