சரிவில் ஒரு கட்டு விறகு

காட்டுப் பாதை வளைகிற இடம் வந்ததும் அந்த வனக்காவலர் அம்மாள் நின்று தொண்டையைச் செருமுவாள். ஒரு முறை போதாது. மரத்துக் காக்கைகள் எழுந்து பறக்கிற அளவுக்கு இரண்டு மூன்று. பிறகு பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, அவசரமே இல்லாமல் மறுபடி கட்டுவாள். வளைவுக்கு அப்பால் இருக்கும் பெண்கள் அரிவாளை மறைத்துக்கொள்ள அந்த நேரம் போதும். அவள் போய்ச் சேரும்போது எல்லோரும் பரம சாதுக்களாகச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

"உனக்கென்னம்மா, வருஷம் முழுக்க சளி?" என்று கேட்ட ரேஞ்சர், இருமல் மருந்து ஒரு பாட்டில் வாங்கியும் கொடுத்தார். அதை அவள் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்குக் கொடுத்துவிட்டாள்.

காக்கி உடுப்பு மாட்டிய நாளிலிருந்து ஊரில் அவள் பெயர் 'கவர்மென்ட்டு'. குழாயடிக்குக் குடத்தோடு போனால், "கவர்மென்ட்டு வருது, வழி விடுங்கடி" என்று பேச்சு நின்றுவிடும். அலுவலகத்திலோ, வாயைத் திறந்தாலே, "நீ உங்க ஊர்க்காரங்க பக்கம்தானே பேசுவே" என்பார்கள். இரண்டு இடத்திலும் அவள் பதில் சொல்வதில்லை. பதில் சொல்ல வேண்டுமானால் சற்று உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

மழையில் சாலை பெயர்ந்த பிறகு கேஸ் வண்டி ஊருக்குள் வருவதில்லை. அவள் வீட்டு அடுப்பும் விறகில்தான் எரிகிறது. விறகு எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்பதில்லை. அதைக் கொண்டுவரும் நாத்தனார் சொல்வதும் இல்லை. குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது.

அதே மழைதான் மேல் சரிவையும் இழுத்துவந்து, கடைசி வரிசை வீடுகளின் பின்சுவர்களைச் சாய்த்தது. மண்ணைப் பிடித்து நிறுத்த அங்கே கன்று நட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி ஊர்ப் பெண்களைக் கூட்டிப் போனது அவள்தான். கன்றுகள் இடுப்பளவு வளர்ந்ததும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

"இன்னொரு கன்னு போச்சுன்னா காட்டையே அடைச்சிடுவேன். சுள்ளிகூட கிடையாது" என்றார் ரேஞ்சர்.

"உள்காட்டுல காத்துக்கு விழுந்த மரம் கிடக்கே சார். அதையாவது எடுத்துக்கட்டுமே."

"மேல எழுதியிருக்கேன்."

போன வருஷமும் அவர் மேலே எழுதியிருந்தார்.

மறுநாள் அவள் செருமவில்லை. வளைவைச் சத்தமில்லாமல் தாண்டிச் சரிவில் ஏறினாள். குனிந்து வெட்டிக்கொண்டிருந்த முதுகை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நாத்தனார்தான். பக்கத்தில் பெரிய கட்டு. காய்ந்த சுள்ளிகளுக்கு நடுவே பச்சைத் தண்டுகள்.

"நீயும்தானேடி வந்து நட்டே?"

"நட்டேன் அண்ணி. இல்லேங்கலையே." நாத்தனார் நிமிர்ந்தாள். "கிட்ட இருந்த சுள்ளியெல்லாம் ஊரே பொறுக்கித் தீத்தாச்சு. உள்ள போனா பன்னி துரத்துது. அம்மா உடம்பு தொடைக்க சுடுதண்ணி வேணும். நான் எங்க போக?"

"மண்ணு இன்னொரு தடவை சரிஞ்சா, தண்ணி சுட வைக்க வீடே இருக்காது."

"அது மழை வந்தா. இந்த வாரத்துக்கு வழி சொல்லுங்க."

இத்தனை நாள் செருமிச் செருமி, இந்தக் கன்றுகளைத் தானே வாரிக் கொடுத்துவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. கையை நீட்டினாள். நாத்தனார் அரிவாளை அவள் காலடியில் போட்டாள்.

"எடுத்துக்குங்க, கவர்மென்ட்டு."

அந்த வாயிலிருந்து அந்தப் பெயரை அவள் கேட்பது அதுவே முதல் தடவை. அவள் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். பச்சைத் தண்டுகளை ஒன்றுவிடாமல் உருவி ஒருபக்கம் போட்டாள். மீதியைச் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். அப்போதும் ஒருத்தியாகத் தூக்கித் தலையில் வைக்க முடியாத கனம்.

நாத்தனார் துணியைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி நின்றாள். கை கொடுங்கள் என்று கேட்கவில்லை.

கவர்மென்ட்டு தொப்பியைக் கழற்றி, அரிவாளின் பக்கத்தில் வைத்தாள். காலை அகட்டி ஊன்றிக் குனிந்து, கட்டைத் தூக்கி நாத்தனாரின் தலையில் வைத்து, அது சரியாக உட்காரும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.