திஹோமிரும் இடது கால் ஷூக்களும்

ரதோய்காவுக்கு உலகமே மூன்று கட்டம். முன்னால் என்ன நடந்தது, ஆள் என்ன செய்தார், அப்புறம் என்ன கிடைத்தது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் முரண்டு பிடித்தால் ஏன் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. இருபத்தாறு வருஷமாக செர்பியாவின் சின்ன ஊர்களில் படிவமும் கையுமாக அலைகிறாள். புருஷன் மிலுட்டினுக்கும் ஒரு படிவம் போட்டாள். அவர் கோபித்துக்கொண்டு மீன் பிடிக்கப் போனதையும் இரண்டாவது கட்டத்தில் எழுதிவிட்டாள்.

அந்த பிப்ரவரியில், ஆறு பேர் குடியிருக்கும் ஒரு பராமரிப்பு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அங்கிருந்த திஹோமிருக்கு நாற்பத்தொரு வயது. வருகிறவர்கள் வாசலில் ஷூவைக் கழற்றி, வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனால் போதும், இடது கால் ஷூவைத் தூக்கி ஒளித்துவிடுவார். கடைசியாகச் சிக்கியவர் ஒரு மேலதிகாரி. ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் செருப்புமாகப் பனியை மிதித்துக் கார் ஏறியவர், ஈஸ்டருக்குள் இது நிற்காவிட்டால் திஹோமிரை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய விடுதிக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். முந்நூறு கட்டில் உள்ள இடம். அங்கே விருந்தாளி என்று யாரும் போவதில்லை.

"என்ன பண்ணுவீங்களோ தெரியாது அக்கா, அவர அங்க அனுப்புனா நானும் வேலைய விட்டுருவேன்," என்றாள் வீட்டுப் பொறுப்பாளர் டோப்ரிலா.

ரதோய்கா செவ்வாய்தோறும் போனாள். தோல் வாசனை பிடிக்குமோ என்று ரப்பர் பூட்ஸ் போட்டுப் போனாள். போச்சு. மிலுட்டினின் மீன் நாற்றம் பிடித்த பூட்ஸும் போச்சு. ஒன்று முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்க்குப் பின்னால் கிடைத்தது. மூன்றாம் வாரம் இரண்டு காலுக்கும் வலது ஷூவே மாட்டிக்கொண்டு போனாள். திஹோமிர் ரொம்ப நேரம் யோசித்து, இரண்டையும் எடுத்துப் போய்விட்டார்.

தபால்காரர் ஸ்ரெதனின் ஷூ மட்டும் ஒருநாளும் தொலைந்ததில்லை.

"உங்களுக்கு மட்டும் என்ன ராசி?" என்று அவரிடமே கேட்டாள்.

"ராசியாவது ஒண்ணாவது. நான் ரெண்டு காப்பி குடிக்காம எந்திரிக்கிறதில்ல. நீங்கல்லாம் கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டு வர்றீங்க."

ரதோய்கா படிவத்தைப் புரட்டினாள். முதல் கட்டத்தில் எல்லா வாரமும் 'பத்து நிமிஷம்தான், கிளம்பணும் என்றேன்'. மூன்றாவது கட்டத்தில், 'தேடினோம், மறுபடி உட்கார்ந்தோம், இன்னொரு காப்பி வந்தது, திஹோமிர் எல்லாருக்கும் சர்க்கரைக் கட்டி கொடுத்தார்'. எழுதியது அவள் கைதான். தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய் நுழையும்போதே, "திஹோ, இன்னிக்கி ரெண்டு காப்பி குடிச்சிட்டுத்தான் போவேன்," என்றாள். ஷூ வைத்த இடத்திலேயே இருந்தது. 'கோளாறு விருந்தாளிகளிடம், உட்காரச் சொல்லவும்' என்று அறிக்கை எழுதினாள். மேலதிகாரி வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இரண்டு காப்பி குடித்தார். இரண்டு ஷூவும் கிடைத்தன. திஹோமிர் இங்கேயே இருக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ரதோய்காவுக்கு இனி அங்கே வேலை இல்லை. கடைசிச் செவ்வாயன்று இரண்டாவது காப்பியும் தீர்ந்து வாசலுக்கு வந்தாள். அவள் ஷூ இரண்டும் சேறு துடைத்து ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடது ஷூவை எடுத்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"திஹோ," என்று உள்ளே குரல் கொடுத்தாள், "என் ஷூ ஒண்ணக் காணோமே."